அம்பாரத்தின் உள்ளே

சந்தையில் ஒரு கிலோ மொச்சை வாங்கும் இல்லத்தரசி அதைப் பார்த்து வாங்கும் முறையே தனி. கைநிறைய அள்ளுவாள்; உள்ளங்கையில் பரப்புவாள்; சொத்தை உண்டா, வண்டு துளைத்ததா, கல் கலந்ததா என்று நோட்டமிடுவாள்; ஒன்றைப் பல்லால் கடித்து நன்கு காய்ந்ததா என்று அறிவாள்; மூக்கருகே கொண்டுசென்று பூசண வாடை வீசுகிறதா என்று முகர்வாள். தாயிடமிருந்து மகளுக்கென்று வழிவழியாக வந்த கல்வி இது. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் வழங்கியதில்லை. ஆயினும் நம் குடும்பங்களின் உடல்நலத்தை நெடுங்காலம் காத்து நின்றது இந்தக் கல்வியே.

ஆனால் இந்தக் கல்விக்கு எட்டாத ஒன்று உண்டு. ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் என்னும் கன உலோகங்களே அவை. இவற்றுக்கு வாடையில்லை, பயற்றுக்குள் இருக்கும் சிற்றளவில் நிறமுமில்லை, சுவையுமில்லை. முறத்தில் புடைத்தால் பறப்பதில்லை. அடுப்பில் வேகவைத்தால் அழிவதில்லை. நெருப்பு கிருமியைக் கொல்லும். உலோகத்தை அது என்ன செய்யும்? பண்டைக் காலந்தொட்டுக் கண்ணையும் மூக்கையும் நாவையும் நம்பி வாழ்ந்த மனிதன், இம்மூன்றும் கைவிட்ட இடத்தில் எதை நம்புவது என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

மகள் கேட்ட கேள்வி

இந்த ஆராய்ச்சியில் நம்மை இறக்கியவள் நம் மகள். நாம் இருப்பது பெரம்பலூர். அவள் வாழ்க்கைப்பட்டது அரியலூர். கருவுற்று ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்த வேளையில், கைப்பேசி வழியாக அவளுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்தது. பெரம்பலூர், அரியலூர்ச் சந்தைகளில் விற்கும் பயறுகளில் சிமெண்டுத் தூசியின் நஞ்சு ஊறிக்கிடக்கிறது என்றும், கர்ப்பிணிகள் அவற்றைத் தொடவே கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை, சோதித்த இடம் இல்லை, நாளும் இல்லை. ஆயினும் அச்சத்துக்கு முகவரி தேவைப்படுவதில்லை அன்றோ? அன்றிலிருந்து அவள் மொச்சைக் குழம்பை ஒதுக்கினாள், தட்டைப்பயற்றை ஒதுக்கினாள், நெய்ச்சோற்றின் பக்கத்தில் வைத்த தாளிச்சாவையும் தொடாமல் எழுந்தாள். அவளுக்கு இரத்தம் குறைவாக இருக்கிறதென்றும், பயறும் கீரையும் தாராளமாக உண்ணவேண்டும் என்றும் மருத்துவ அம்மையார் அதற்கு முந்தைய வாரந்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியார் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. நாம் சென்று சொன்னோம். அவள் மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சாப்பிடச் சொல்றீங்களே அத்தா, அதுல நஞ்சு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. அந்தச் செய்தியை எழுதியவனிடமும் ஆதாரம் இல்லை. ஆதாரமற்ற இரு சொற்களுக்கு நடுவே வயிற்றுப் பிள்ளையோடு அவள் நின்றாள். பெற்றவர்களின் அதட்டல் அந்தக் கேள்விக்கு விடையாகாது. தெரிந்துகொண்டு வந்து சொல்வதே முறை என்று புறப்பட்டோம்.

காரீயமும் வெள்ளீயமும்

தமிழன் ஈயத்தை நன்கறிந்தவன். வெள்ளீயம் என்றும் காரீயம் என்றும் இரண்டாகப் பிரித்துப் பெயரிட்டவன். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அதனால் பெருந்தீங்கு இல்லை. நாம் அஞ்சவேண்டியது காரீயம். நாளடைவில் பேச்சுவழக்கில் இரண்டும் 'ஈயம்' என்றே ஆகிவிட, பெயர் மறைத்த வேறுபாட்டை உடல் மட்டும் மறக்கவில்லை.

காரீயம் உடலுக்குள் நுழைந்தால் சுண்ணாம்புச் சத்தைப்போல வேடமிட்டு எலும்பில் குடிபுகுகிறது. அங்கே பல்லாண்டுகள் தங்கிவிடுகிறது. பெண் கருவுற்றால், குழந்தையின் எலும்பை வளர்க்கத் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும்போது, அங்கே உறங்கிய ஈயமும் எழுந்து குழந்தையிடம் செல்கிறது. வளரும் மூளையை அது மந்தப்படுத்தும். இவ்வளவு வரை ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காட்மியம் சிறுநீரகத்தைத் தேடிச் செல்வது. அங்கிருந்து அதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும்.

ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில் ஜின்சு ஆற்றங்கரை மக்களை வாட்டிய 'இதாய் இதாய்' நோய்க்குக் காரணம் இந்தக் காட்மியமே. 'இதாய்' என்றால் 'வலிக்கிறது' என்று பொருள். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்து, ஆறு வயலில் பாய்ந்து, வயல் அரிசியாகி, அரிசி எலும்பை முறித்தது. 1968-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு அரசு காரணத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதுவரை எத்தனை தாய்மார்கள் தம் வலிக்குப் பெயர் தெரியாமல் மாண்டார்களோ!

இராக் நாட்டின் துயரம் இன்னும் நெஞ்சைப் பிழிவது. 1971-ஆம் ஆண்டின் இறுதியில், விதைப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமை அங்கே பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. பூசணம் பிடிக்காமலிருக்கப் பாதரசச் சேர்மம் தடவி, உண்ணத்தக்கதன்று என்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். மூட்டையில் எச்சரிக்கையும் இருந்தது; ஆனால் அந்த உழவர் படிக்கவியலாத அயல்மொழிகளில் இருந்தது. பசித்த குடும்பங்கள் கோதுமையைக் கழுவின, சாயம் போயிற்று, சாயத்தோடு நஞ்சும் போயிற்று என்று நம்பி ரொட்டி சுட்டன. அரசுக் கணக்கின்படி மருத்துவமனையில் சேர்ந்தோர் 6,530 பேர். இறந்தோர் 459 பேர். நிறம் போனால் நஞ்சு போகும் என்று எண்ணலாகாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டுமா?

தொலைநாட்டுக் கதைகளோடு நிறுத்திக்கொள்வதும் நேர்மையாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் நம் சமுதாயத்தார் பலருக்குச் சோறும் செல்வமும் தந்தது தோல் தொழில். பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் அந்த வருவாயில் எழுந்தன. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் பாய்ந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற்போனதாக ஓர் ஆய்வறிக்கை கூறியதை, உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றக் காரணமான தீர்ப்புகளுள் அது தலையாயது. பிறர் ஆலையின் புகையைச் சுட்டும் விரல், நம் தொட்டியின் நீரையும் சுட்டத் தயங்கலாகாது.

நம் மண்ணின் தன்மை

இனி, மகளுக்கு வந்த செய்தியின் சாரத்தைப் பார்ப்போம். அரியலூர் வட்டாரம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது. நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டுப் படிவங்களும் கடற்சிப்பிகளும் இன்றும் ஓடைக்கரைகளில் கிடைக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூரில் மரமே கல்லாகிக் கிடப்பதைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா சென்று பார்க்கிறார்கள். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே சிமெண்டு ஆலைகளை இங்கே அழைத்து வந்தது. அரசுச் சிமெண்டு ஆலை 1979-இல் தோன்றியது. தனியார் ஆலைகளும் பெருகின. லாரிகள் ஓடும் சாலையில் தூசி பறப்பதும், அது பயிரின் இலையில் படிவதும் எவரும் மறுக்கவியலாத காட்சி.

ஆனால் தூசி இலையில் படிவது வேறு. நஞ்சு விதைக்குள் ஊறுவது வேறு. சிமெண்டுத் தூசியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. அது மூச்சுக்குழலுக்குப் பகை. அதைப் பற்றிக் கவலைப்படக் காரணம் நிரம்ப உண்டு. கன உலோகங்களைப் பொறுத்தவரை கணக்கு வேறாகிறது. ஈயத்தை மண் இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் வழியே ஏறி விதைக்குள் சேர்வது சொற்பம். காட்மியம் அதைவிட எளிதில் ஏறக்கூடியது. புளிப்பு மண்ணில் அதன் ஓட்டம் மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகுந்த காரமண்ணிலோ அது அடங்கிக் கிடக்கும். எந்தச் சுண்ணாம்பை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோமோ, அதுவே மண்ணுக்குள் ஓரளவு காவலனாகவும் நிற்கிறது.

அங்ஙனமாயின் பயறு எங்கே கெடக்கூடும்? பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வயலுக்கு வருவதுண்டு. உரத்தின் மூலக்கல் எந்நாட்டுச் சுரங்கத்தது என்பதைப் பொறுத்து அதன் அளவு கூடும், குறையும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் இதற்கென ஒரு வரம்பையே விதித்துள்ளது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளின் அண்டை நிலம் ஆபத்தானது. அறுவடைக்குப் பின்னும் வழியுண்டு. நெற்களம் இல்லாத ஊர்களில் உளுந்தையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவது நாம் நாள்தோறும் காணும் காட்சி. ஓடும் வண்டிச் சக்கரமே தாம்பு மாடாகிக் கதிரடித்துக் கொடுக்கிறது. கூலி மிச்சம், ஆனால் எண்ணெய்க் கசிவும் டயர்த் தூளும் சாலைப் புழுதியும் கூலியாகச் சேர்ந்துவிடுகின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதற்குமுன் பல்லாண்டுகள் அது கக்கிய ஈயம் சாலையோர மண்ணை விட்டு அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாங்குதல்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தில் 40-ஆம் பிரிவு என்று ஒன்றுண்டு. அதிகாரிகள்தாம் உணவைச் சோதனைக்கு அனுப்பலாம் என்றில்லை; விலைகொடுத்து வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறலாம் என்கிறது அது. பண்டம் சட்டத்துக்கு மாறாக இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. நம் மாநிலத்தில் சென்னை கிண்டி, தஞ்சாவூர், சேலம், மதுரை, கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஆறு இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக்கூடங்கள் அமைந்துள்ளன.

இந்தப் பிரிவில் நம்மை மிகவும் கவர்ந்தது அதன் நிபந்தனை. சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மறைவாக வாங்கிச் சென்று பின்னால் பழிசுமத்தலாகாது. முகத்துக்கு நேரே கேட்க அஞ்சுகிறவன் முதுகுக்குப் பின்னால் தூற்றவும் கூடாது என்னும் பண்பாடு, ஒரு சட்டவரிக்குள் அடங்கிக் கிடக்கிறது.

சட்டம் எளிது, கடை வாசலில் நின்று அதைச் சொல்வது எளிதன்று. பெரம்பலூரில் நாம் வழக்கமாக வாங்கும் மளிகைக் கடை இருபதாண்டுப் பழக்கம். "அண்ணாச்சி, இந்த மொச்சையையும் தட்டைப்பயற்றையும் சோதனைக்கு அனுப்பப் போறோம்; சொல்லிட்டு வாங்கணும்னு சட்டம்; அதனால சொல்றோம்" என்றோம். அவர் முகம் சற்றே கறுத்தது. "என் மேல என்ன சந்தேகம் பாய்?" என்றார். மகளின் நிலையைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு தாமே எழுந்து உள்ளே சென்று, வாய் திறவாத மற்றொரு மூட்டையை இழுத்து வந்து அவிழ்த்தார். "மேலாப்புல மட்டும் அள்ளாதீங்க. அடியிலயும் கைவிட்டு எடுங்க. எங்க வீட்டுலயும் இதைத்தான் பொங்கறோம், எனக்கும் தெரியணும்ல" என்றார்.

அந்த நொடியில், மதீனத்துக் கடைத்தெருவில் நடந்த நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. தானிய அம்பாரம் ஒன்றைக் கடந்து சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்ததும், விரல்களில் ஈரம் தட்டியதும், மழையில் நனைந்ததென்று வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று உணர்த்தியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை. எத்தனையோ முறை பயானில் கேட்ட நிகழ்ச்சி இது. மாதிரி எடுக்கும் விஞ்ஞானத்தின் முதல் விதியும் இதுவே என்பது அன்றுதான் விளங்கிற்று. அம்பாரத்தின் மேற்புறம் அம்பாரத்தின் செய்தியாகாது. கை உள்ளே போகவேண்டும். பிற்கால இஸ்லாமிய நகரங்களில் அங்காடியைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்னும் அலுவலர் அமர்த்தப்பட்டதும், அவருக்கு வழிகாட்டப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ போன்றோர் நூல் யாத்ததும் இந்த மரபின் வழிவந்தவையே.

அரியலூரில் துவரம்பருப்பு வாங்கிய கடையில் வேறொரு பாடம் கிடைத்தது. "இது நம்மூர்த் துவரையா?" என்று வினவினோம். கடைக்காரர் சிரித்தார். "மூட்டை துறைமுகத்துல இருந்து வருது, அதுக்குமேல எனக்குத் தெரியாது" என்றார். உண்மையே. மியான்மரிலிருந்து உளுந்தும் துவரையும், மொசாம்பிக், தான்சானியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து துவரையும், கனடாவிலிருந்து மைசூர்ப் பருப்பும் பட்டாணியும் நம் நாட்டுக்கு வருகின்றன. அரியலூர்ச் சந்தையில் விற்பதெல்லாம் அரியலூர் மண்ணில் விளைந்ததன்று. அரியலூர்த் தூசியைக் காட்டி அச்சமூட்டிய செய்தி, அந்தப் பருப்பு கடல் தாண்டி வந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்கவேயில்லை.

கோடியில் ஒரு பங்கு

ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்ததை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரு பங்கை எடுத்து மீண்டும் கலந்து பகுப்பது மாதிரி சுருக்கும் முறை. அப்படிச் சுருக்கியதை ஆய்வுக்கூடத்தில் மாவாக்கி, நைட்ரிக் அமிலத்தில் மூடிய கலத்துள் சூடேற்றிக் கரைத்துவிடுகிறார்கள். பயறு மறைந்து தெளிந்த நீர் மிஞ்சும். அந்நீரைச் சூரியனின் மேற்பரப்பைவிட வெப்பம் மிகுந்த பிளாஸ்மா என்னும் சுடருக்குள் தூவினால், அணுக்கள் மின்னேற்றம் பெறுகின்றன. அவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது கருவி. இன்னொரு முறையும் உண்டு: ஒவ்வொரு உலோகத்தின் அணுவும் தனக்கேயுரிய ஒளியை மட்டும் விழுங்கும் என்னும் உண்மையைக் கொண்டு அளப்பது. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1950-களில் வகுத்துத் தந்த முறை அது.

எவ்வளவைத் தேடுகிறார்கள் தெரியுமா? உலக உணவு, வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், காய்ந்த பயறுவகைகளில் ஈயத்துக்கு விதித்த உச்சவரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். காட்மியத்துக்கும் அதே அளவுதான்; சோயா மட்டும் அதற்கு விலக்கு. ஒரு கிலோ என்பது பத்து லட்சம் மில்லிகிராம். ஆகவே அந்த வரம்பு, கோடியில் ஒரு பங்கு. ஒரு கோடி மொச்சையில் ஒரே ஒரு மொச்சையைக் கண்டெடுப்பதைப் போன்றது அந்தக் கருவியின் வேலை. வீட்டில் வினிகரை ஊற்றியும் எலுமிச்சையைப் பிழிந்தும் இதைக் கண்டுபிடிக்கலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டா. பட்டாணிக்கு ஏற்றிய பச்சைச் சாயம் ஊறவைத்த நீரில் கசிவதை வீட்டிலேயே காணலாம். சாயமேற்றாத பயற்றின் உள்ளிருக்கும் உலோகம் எந்த வீட்டுச் சோதனைக்கும் வசப்படாது.

அறிக்கை வந்தது. மூன்று மாதிரிகளிலும் ஈயமும் காட்மியமும் வரம்புக்குள்ளேயே இருந்தன. ஒன்றில் ஈயம் 'அளவிடக்கூடிய எல்லைக்குக் கீழ்' என்று குறித்திருந்தார்கள். அதற்கு 'அறவே இல்லை' என்று பொருளில்லை. அந்தக் கருவி உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்கு இல்லை என்பதே பொருள். தவிர, மூன்று மாதிரிகள் மூன்று கடை மூட்டைகளுக்குச் சாட்சியேயன்றி, இரு மாவட்டங்களுக்கும் சான்றிதழாகா. சோதனைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அது சொல்லாததையும் சொல்ல முற்படுவது, சோதனை இல்லாமலே பேசுவதற்குச் சற்றும் குறைந்த பிழையன்று.

சோதனைக்கும் சோதனை வேண்டும் என்பதை 2015-ஆம் ஆண்டின் நூடுல்ஸ் வழக்கு நாடறியக் காட்டியது. ஈயம் வரம்பை மீறியதென்று அந்த ஜூன் மாதத்தில் பெயர்பெற்ற நூடுல்ஸ் ஒன்று நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. சோதித்த ஆய்வுக்கூடங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்றும், நிறுவனத்தின் தரப்பு கேட்கப்படவில்லை என்றும் கூறி, ஆகஸ்டு 13-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை நீக்கி, அங்கீகாரம் பெற்ற மூன்று கூடங்களில் மறுசோதனைக்கு ஆணையிட்டது. அவற்றில் ஈயம் வரம்புக்குள் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆகவே அறிக்கை கேட்பவர், அந்தக் கூடம் அந்தப் பொருளுக்கும் அந்த உலோகத்துக்கும் தேசிய அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் கேட்கவேண்டும்.

உண்ணாமையின் தீங்கு

மகளிடம் அறிக்கையைக் காட்டுவதற்குமுன் மருத்துவ அம்மையாரைக் கண்டு பேசினோம். அவர் சொன்ன ஒன்று அறிக்கையைவிடப் பெரிதாகப் பட்டது. குடலில் இரும்புச் சத்து நுழையும் வாயில் வழியாகவே ஈயமும் நுழைகிறது. இரும்பு குறைந்த உடல் அந்த வாயிலை அகலத் திறந்து வைத்து இரும்புக்காக ஏங்கி நிற்கும். அப்போது ஈயம் வந்தால் அதையும் கூடுதலாக ஏற்றுக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக் குறைவும் அப்படியே. பயறு ஈயத்தைத் தருமோ என்று அஞ்சிப் பயற்றை விடுகிறவள், பயறு தரும் இரும்பையும் இழந்து, வேறெங்கிருந்தோ வரும் ஈயத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறாள். அச்சம் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும் விந்தை இது.

அதற்காக வரம்புக்குள் இருப்பதெல்லாம் கவலையற்றது என்றும் சொல்வதற்கில்லை. வரம்பை எட்டிய பயற்றில் 50 கிராம் உண்டால் 5 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே செல்லும். உணவின் வழியே ஒரு நாளில் சேரும் ஈயத்தைக் கண்காணிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வகுத்துள்ள இடைக்கால அளவுகோல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2 மைக்ரோகிராம். பெரியவர் தாங்குவதைக் குழந்தை தாங்காது. ஆதலால் பயறு மட்டுமன்றி, ஒரு நாளில் எத்தனை வழிகளில் ஈயம் வருகிறது என்று கூட்டிப் பார்ப்பதே அறிவுடைமை.

மகள் அறிக்கையை இருமுறை படித்தாள். "மூணு மூட்டைக்குத்தானே அத்தா இது?" என்று கேட்டாள். ஆம் என்றோம். இரும்பின் கதையையும் சொன்னோம். அன்று மதியம் தட்டில் விழுந்த தாளிச்சாவை அவள் ஒதுக்கவில்லை. பெற்ற மனத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குள் பார்ப்போம்

யுனிசெப் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 80 கோடிச் சிறுவர்களின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் உண்டு. அவர்களுள் 27 கோடிக்கும் மேற்பட்டோர் நம் நாட்டினர். இத்தனை ஈயமும் மொச்சையிலிருந்து வந்திருக்கவியலாது. அப்படியானால் எங்கிருந்து?

முதலில் நம் அலமாரியைத் திறப்போம். குழந்தையின் கண்ணில் இடும் சுர்மா அங்கே இருக்கும். மரபு போற்றிய இஸ்மித் என்பது அஞ்சனக்கல் என்பர். கடையில் அப்பெயரால் விற்கப்படும் கறுப்புத்தூள் பலவற்றைச் சோதித்தபோது, அவை பெரும்பாலும் ஈய சல்பைடாகவே இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டுள்ளன. குழந்தை கண்ணைக் கசக்கும். அந்த விரலை வாயில் வைக்கும். கோடியில் ஒரு பங்கைத் தேடி ஆய்வுக்கூடம் வரை போகும் நாம், பெரும்பங்கும் ஈயமேயான தூளைப் பிள்ளையின் முகத்தில் பூசலாமா?

அடுத்து அடுக்களை. கந்தூரிக்கும் நிக்காஹ்வுக்கும் எடுக்கும் செம்புத் தேக்சாவுக்குக் கலாய் பூசுகிறோம். பூசுவது தூய வெள்ளீயமாயின் நன்று. மலிவுக்காகக் காரீயம் கலந்ததாயின், புளியும் தயிரும் எலுமிச்சையும் அதை அரித்துச் சோற்றில் சேர்க்கும். மஞ்சள்தூளின் பளபளப்பும் ஐயத்துக்குரியது. வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக் குரோமேட்டைப் பூசும் வழக்கம் இருந்தது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. அரசு சோதித்து, தண்டித்து, மக்களுக்கு எடுத்துச்சொன்ன பின், 2021-இல் ஒரு மாதிரியிலும் இல்லை. இரண்டே ஆண்டுகள்! சோதனையும் சட்டமும் மக்களின் விழிப்பும் கைகோத்தால் ஆகாதது எது?

பயற்றைப் பொறுத்தவரை நாம் செய்யக்கூடியவை எளியவை. பலமுறை அலசிக் களைந்தால் மேற்படிந்த புழுதி நீங்கும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைப்பதும் நல்ல வழக்கம். ஒரே கடை, ஒரே பயறு என்று நாள்தோறும் உண்ணாமல், மொச்சை, கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு என்று மாற்றி மாற்றி உண்டால், ஒரு மூட்டையின் குற்றம் ஒரு குடும்பத்தின் தலையில் முழுதாக விழாது.

தனியொருவர் சோதனைக் கட்டணம் கட்டுவது கடினமாயிருக்கலாம். ஜமாஅத்துக்கு அது பெருஞ்செலவன்று. ரமலானில் ஒவ்வொரு பள்ளிவாசலிலும் நோன்புக் கஞ்சிக்கு மூட்டை மூட்டையாக அரிசியும் பருப்பும் மொத்தமாக வாங்குகிறோம். ஊரார் எல்லோரும், சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்பட, முப்பது நாள் அருந்தும் கஞ்சி அது. வாங்கும்போதே வணிகரிடம் முறைப்படி சொல்லி, ஆண்டுக்கொருமுறை ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்பி, வந்த அறிக்கையைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன? ஊராட்சிகள் தோறும் நெற்களம் கேட்டு மனுக் கொடுத்தால் சாலையில் பயறு காய்வதும் குறையும். உழவருக்கும் நன்மை, உண்பவருக்கும் நன்மை.

உணவு ஹலாலானதா என்று வினவ நமக்குச் சிறுவயதிலேயே கற்றுக்கொடுத்தார்கள். அத்தோடு சேர்த்து மறை கூறும் மற்றொரு சொல் 'தய்யிப்'. தூயது, நல்லது என்பது அதன் பொருள். முதற்கேள்வியை விடாது கேட்டுவரும் நாம் இரண்டாம் கேள்வியையும் கேட்கப் பழகவேண்டும். கேட்பது சண்டையாக வேண்டியதில்லை, அவதூறாகவும் வேண்டியதில்லை. கடைக்காரர் முகத்தைப் பார்த்து, காரணத்தைச் சொல்லி, கையை அம்பாரத்தின் உள்ளே விட்டு எடுத்துக் கேட்போம். விடை எதுவாயினும் அதை உள்ளபடி நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். நம் தட்டில் வந்து விழும் ஒவ்வொரு கவளத்தையும் இறைவன் தூயதாக ஆக்கி அருள்வானாக!